பிரவுசர் திறக்காத நாட்கள்

ஆனி 11, திங்கள்

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து இன்ரநெற் கடைக்குள் மணல். கீபோர்டை இரண்டு தரம் கவிழ்த்துத் தட்டியாயிற்று.

செய்ய வேண்டியவை: பிரின்ரருக்கு மை. சவர்க்காரம். அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டு எடுப்பது. ஆஸ்பத்திரிக்கென்று இந்தப் பக்கம் வர அம்மாவுக்குக் கிடைத்த பாஸ் வெள்ளி நாலு மணியோடு சரி; அப்பா தடை முகாமுக்கு அப்பால், ஷெல் விழும் பக்கத்தில்.

தங்கச்சி சுமதி போய் இன்று மூன்றாம் நாள். தங்கச்சியும் அவள் மகள் நிலாவும் வெள்ளி இரவு தோணி ஏறினார்கள். நிலாவுக்கு நாலு வயது. கடலைக் கண்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை. சுமதியின் புருஷன் இரண்டு வருஷமாக இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில். அவனிடம் போகிறார்கள்.

பேச்சு இதுதான். போனில் ஒரு சொல்லும் வேண்டாம், கடை லைனை யார் கேட்கிறார்களோ தெரியாது. இறங்கியதும் அங்கே ஒரு இன்ரநெற் கடையில் இருந்து என் ஈமெயிலுக்கு எழுதுவாள். நல்லபடி போயிருந்தால் அதே தோணியில் இந்த வெள்ளி அம்மா. இதையெல்லாம் எழுதக் கூடாது. இந்தக் கொப்பி யார் கையில் அகப்படுமோ. எழுதாவிட்டால் யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன்.

எட்டரை, ஒன்பதே கால், பத்து, பதினொன்று. நாலு தரம் ஈமெயில் பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

மத்தியானம் நடந்ததை எழுத வெட்கம். மரியதாஸ் அண்ணை (கடைக்காரர்) சாப்பிடப் போனார். மெஷினின் மூலையில் மூன்று நாளாக ஒரு மஞ்சள் சின்னம். பாதுகாப்பு அப்டேற் வந்திருக்கிறது, போடட்டா, போடட்டா என்று கேட்டபடி. அதில் கை வைக்கக் கூடாது என்பது அண்ணையின் கட்டளை. ஈமெயில் பக்கத்தின் மேலேயே வந்து வந்து நின்றது. எரிச்சல். 'சரி' என்று அழுத்திவிட்டேன். இருபது நிமிஷம் எடுத்தது. தானே அணைந்து தானே எழும்பியது.

அதற்குப் பிறகு பிரவுசர் இல்லை. அதாவது, இருக்கிறது. திறக்கிறது. வெள்ளைப் பக்கம். கீழே பச்சைக் கோடு பாதி ஓடி நிற்கிறது. பிறகு 'பக்கத்தைக் காட்ட முடியாது'.

அண்ணையிடம் லைன் பிழை என்று சொன்னேன். பொய்.

பின்னேரம் அறைக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே. “அவ போய்ச் சேந்துட்டாளா இல்லியா, அத மட்டும் சொல்லு.” மலையகத்தை விட்டு வந்து முப்பது வருஷம், உயிலங்குளத்துக்கு அப்பால் ஒரு காணியில் அப்பாவோடு அத்தனை வருஷமும் கூலி வேலை, பேச்சு மட்டும் அப்படியே. நாளைக்குத் தெரியும் என்றேன்.

ஆனி 12, செவ்வாய்

காற்றுக் குறையவில்லை. ஏழரைக்கே கடை திறந்தேன்.

செய்து பார்த்தவை:
மெஷினை அணைத்துப் போட்டது, மூன்று தரம். 
மோடத்தைக் கழற்றி மாட்டியது. பாடுகிறது, இணைகிறது, பச்சை லைற் எரிகிறது. 
பழைய பக்கங்களின் குப்பையை அழித்தது. 
பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு துணுக்குப் புரோகிராம்களை நிறுத்தியது.
மெஷினைப் பின்னால், பழைய நாளுக்குக் கொண்டுபோவது: முடியாது. டிஸ்கில் இடம் போதாதென்று அந்த வசதியை நிறுத்தி வைத்ததே நான்தான், போன தையில். 

வேறு பிரவுசர் இறக்கலாம். அதை இறக்குவதற்கு ஒரு பிரவுசர் வேண்டும். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை.

கடையில் இன்ரநெற் உள்ள மெஷின் இது ஒன்றுதான். மற்றது ரைப் பண்ண மட்டும். பஸ் ஸ்ராண்ட் பக்கத்துக் கடை பூட்டி இரண்டு மாதம். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருக்கிறது, அங்கே போய் என்ன சொல்லிக் கேட்பது.

பத்து மணிக்கு அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். ஏசவில்லை. கதிரையில் இருந்து கண்ணாடியைத் துடைத்தார். “நான் சொன்னனானல்லோ பிள்ளை. வாற ஆமிக்காரருக்கு என்னெண்டு சொல்லுறது? நாங்கள் வேணுமெண்டு நிப்பாட்டி வைச்சிருக்கிறம் எண்டு நினைப்பினம்.” அதை நான் யோசிக்கவேயில்லை.

சொல்லி வாய் மூடவில்லை, கோப்ரல் வந்தார். சிக்னல் பிரிவு. வாரத்தில் இரண்டு தரம் ஈமெயில் பார்க்க வருபவர். துவக்கை வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார், அது ஒரு மரியாதை. அண்ணை எழும்பி நின்று, மாத்தயா (சிங்களத்தில் ஐயா), வேலை செய்யாது, நாளைக்கு, நாளைக்கு என்றார். கோப்ரல் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனார். 

பின்னேரம் ரூபன். தோணிக்காரருக்கு ஆள் சேர்ப்பவன். ஃபோட்டோக்கொப்பி எடுக்க வந்தவன் போல ஒரு தாளை நீட்டிக்கொண்டு, மெதுவாக, எல்லாரும் சுகமாக இறங்கிவிட்டார்கள் என்றான். சுமதி உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். நான் போகவில்லை, தோணி ஓட்டிப் போனவர் சொன்னது என்றான். வெள்ளிக்கு அம்மா வருகிறாவா என்று வியாழன் பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

நம்பலாமா. அவன் தன் தாளைக் கூடத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

பின்வளவு அறையில் இருக்கும் சாந்தி குடும்பமும் வெள்ளிக்குத்தான் போகிறதாம். அம்மா தண்ணீர்ப் பைப்படியில் கேட்டு வந்தா. சாந்தியின் புருஷன் குமாரைத் தேடி இரண்டு தரம் ஆட்கள் வந்துபோயிருக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில். அவன் வெளியே தலை காட்டுவதில்லை. இரண்டு வயதில் மகன். “அந்தப் புள்ளைங்களோட போனா எனக்கும் தொண தான்” என்று அம்மா. துணி மடிக்கத் தொடங்கிவிட்டா.

ஆனி 13, புதன்

கரண்ட் இல்லை, பதினொன்று வரை. கடை வாசலில் கழுதை ஒன்று, ஃபோட்டோக்கொப்பிக் குப்பையைத் தின்றபடி. அண்ணை விரட்டவில்லை. அதற்கென்றாலும் பிரயோசனம் என்றார்.

மீன் சந்தையில் ஒரு கதை. நான் நேரே கேட்கவில்லை, கணவாய் மீன் வெட்டும் கிழவி பக்கத்துக் கூடைக்காரியிடம் சொன்னது: “திட்டில ஆரையோ இறக்கிப்போட்டு வந்திட்டானாம். கிழவன் ஒண்டு செத்துப்போச்சாம்.” கடலுக்குள் எந்த மணல் திட்டு, எந்த நாள், எந்தத் தோணி? நின்று கேட்கப் பயம். மீன் வாங்காமல் வந்துவிட்டேன். அம்மா கறிக்கு என்ன என்று கேட்டபோதுதான் வெறும் பையைப் பார்த்தேன்.

திட்டில் தண்ணீர் இருக்குமா. குடிக்கிற தண்ணீர். நிலா இரவில் எழும்பித் தண்ணீர் கேட்கும்.

கரண்ட் வந்ததும் மறுபடி மெஷின். ஒரு விஷயம் கவனித்தேன். வைரஸ் பிடிக்கும் புரோகிராம் தன்பாட்டில் வெளியே போய்ப் புதிய பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தது. கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலைத் திறந்து கொழும்புக்கு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், பதில் வந்தது. ஆக, லைன் நல்லது. மெஷின் வெளியே போகிறது. பிரவுசர் மட்டும் போவதில்லை. ஏன்? டிப்ளோமாவில் இதைச் சொல்லித் தந்தார்களா, நான்தான் அன்று வரவில்லையா.

அப்டேற்றைக் கழற்றலாம் என்று பட்டியலைத் திறந்தேன். கழற்றினால் வேறு புரோகிராம்களும் நின்றுபோகலாம் என்று எச்சரிக்கை. விரல் மௌஸில், அழுத்தவில்லை. திங்கட்கிழமை யோசிக்காமல் அழுத்தியவள் இன்று யோசிக்கிறேன். மெஷின் முழுக்கச் செத்தால் இருக்கிற வழியும் இல்லை.

இன்னொரு வழி: கொழும்பில் மெடில்டா. என்னோடு படித்தவள், வேலை செய்யும் கந்தோரில் இன்ரநெற் உண்டு. என் பாஸ்வேர்டைச் சொன்னால் பார்த்துச் சொல்வாள். கொழும்புக்கு லைன் இருக்கிறது. ரிசீவரை எடுத்தேன். நாலு நம்பர் சுற்றினேன். அவள் வாசிப்பாளே, இந்த லைனில், சத்தமாக: தோணி, இராமேஸ்வரம், ரூபன். வைத்துவிட்டேன். அண்ணை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 

கோப்ரல் இன்றும் வந்தார். இன்றும் இல்லை என்றோம். இம்முறை மெஷினின் முதுகுப்பக்கம் குனிந்து வயரைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் அண்ணை, நாளைக்குக் கடையைப் பூட்டுவோமா என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அண்ணையிடம் நான் கத்தியது இதுதான் முதல்.

இரவுச் சாப்பாடு: பருப்பு. அம்மா சாப்பிடவில்லை. சந்தைக் கதையை நான் சொல்லவில்லை. பைப்படியில் ஏற்கெனவே கேட்டிருப்பாவோ?

ஆனி 14, வியாழன்

எங்கிருந்து எழுதுவது. ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை எட்டு. அண்ணை கச்சேரிக்கு. நான் தனியே. கோப்ரல் வந்தார். இல்லை என்று சொல்ல முதல் கதிரையை இழுத்துப் போட்டு மெஷினின் முன் இருந்துவிட்டார். “நங்கி, நான் பாக்கட்டா?” நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி; உடைந்த தமிழ், ஆனால் புரியும். மறுக்க முடியுமா? என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன், அப்டேற் உட்பட.

கறுப்பு ஜன்னல், அதே தட்டு, அதே பதில். தலையாட்டினார். பிறகு நான் ஒருநாளும் கவனிக்காத இடத்துக்குப் போனார். மணிக்கூட்டின் பக்கத்தில் சின்னக் கேடயப் படம். காவல் புரோகிராம், வெளியே போகிற வருகிறதை எல்லாம் மறித்துப் பார்ப்பது. மெஷினை வாங்கிய நாளில் யாரோ போட்டது. அதைத் திறந்தார். ஒரு நீண்ட பட்டியல். அதில் பிரவுசரின் பெயர், பக்கத்தில் சிவப்புக் குறி.

“லைன் நல்லம். பிரவுசரும் நல்லம். இவன்தான் விடாதது. அப்டேற் வந்து பிரவுசர் மாறிப்போச்சு. இவன் புது ஆள் எண்டு நினைக்கிறான். பழைய பேரை வெட்டணும். புதுசா கேக்கும், அப்ப ஓம் சொல்லணும்.”

பட்டியலில் இருந்து பெயரை அழித்தார். பிரவுசரைத் திறந்தார். மூலையில் ஒரு கேள்வி வந்தது: இந்தப் புரோகிராம் வெளியே போகலாமா? அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் 'ஓம்' அழுத்தினேன்.

பச்சைக் கோடு முழுக்க ஓடியது. பக்கம் வந்தது. நாலு நாள்! இரண்டு நிமிஷ வேலை.

அழுதிருப்பேன். ஆனால் பயம்தான் வந்தது. பக்கத்தில் சீருடை. என் பெட்டியில் என்ன இருக்கிறதோ. நீங்கள் முதலில் பாருங்கள், உங்களுக்கு அவசரம் என்றேன்.  அவர் எழும்பினார்.

“நீங்க முதல் பாருங்க நங்கி. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

வெளியே போய், தேத்தண்ணிக் கடை வாங்கில் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்? கேட்கவும் முடியாது.

சுமதியின் கடிதம் இருந்தது. திங்கள் மத்தியானம் ஒன்றரைக்கு வந்தது. நான் அந்த 'சரி'யை அழுத்திய நேரம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் யாரோ ரைப் பண்ணியிருக்கிறார்கள். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

“அக்கா நாங்க உயிரோட இருக்கோம். நிலா நல்லா இருக்கா. அவன் எங்கள ராமேஸ்வரம் கொண்டு வரல. நடுக்கடல்ல ஒரு மணல் திட்டுல எறக்கிவிட்டு இதுதான் இந்தியான்னு சொல்லிட்டுப் போய்ட்டான். விடிஞ்ச பொறகுதான் சுத்திக் கடல்னு தெரிஞ்சுது. ஒரு ராத்திரி ரெண்டு பகல். குடிக்கத் தண்ணி இல்ல. தண்ணி ஏறி இடுப்பு மட்டும் வந்துச்சு, நிலாவத் தலைல வச்சிருந்தேன். எங்களோட வந்த தாத்தா ஒருத்தர் எறந்துட்டாரு. மீன்பிடிக்கிறவங்க வந்து ஏத்துனாங்க. இப்ப முகாம்ல, இவரோட. அம்மாவ அனுப்பாத. அம்மாவால நிக்க முடியாது. அனுப்பாத அக்கா.”

மூன்று தரம் வாசித்தேன். ஒரு பிரதி எடுத்தேன். மடித்துச் சட்டைக்குள். பார்த்த பக்கங்களின் தடயத்தை அழித்தேன். பிறகு வாசலுக்குப் போய், மாத்தயா, வாங்கோ என்றேன்.

அவர் தன் பெட்டியைத் திறந்தார். படம் ஒன்று மெதுமெதுவாக மேலிருந்து கீழே வந்தது. குழந்தை. பிறந்து பத்து நாள், அவர் இன்னும் பார்க்கவில்லையாம். “மகள்” என்றார். வடிவான பிள்ளை என்றேன்.  படத்தைப் பிரின்ற் எடுத்துக் கொடுத்தேன். மை முடிகிற நேரம், கன்னம் நீலமாக வந்தது. அதையும் வாங்கிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் ரூபன். அம்மாவுக்குப் பிறஷர், டொக்ரர் வேண்டாம் என்கிறார் என்றேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஃபோட்டோக்கொப்பி மெஷினைத் துடைத்தேன்.

அம்மாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நிலாவைத் தலையில் வைத்திருந்த இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினா.  பிறகு மேலே வாசி என்றா. முடிந்ததும், “அப்ப நான் ஒங்கப்பாகிட்டயே போறேன்” என்றா.

இங்கே என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. பாஸ் முடிந்து நின்றால் வீட்டுக்காரருக்கும் வினை. அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் ஷெல். எல்லாம் அம்மாவுக்கும் தெரியும்.

ஆனி 15, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. கடல் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அதிகாலை சாந்தியின் அறைக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் ரூபனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் யாருக்குத் தெரியுமோ. போனேன். பிரதியை நீட்டினேன். சாந்தி வாசித்தாள், குமார் அவள் தோளுக்கு மேலால் வாசித்தான். மகன் பாயில் நித்திரை.

சாந்தி தாளை மடித்து என்னிடமே தந்தாள். “தண்ணி ஏறினா பிள்ளையத் தூக்கிப் பிடிக்கலாம் அக்கா. உங்கட தங்கச்சி பிடிச்சிருக்கிறா. இவர இங்க வந்து கேட்டா நான் என்ன செய்யிறது?”

 குமார், திட்டில் இறங்க மாட்டோம், இறங்கச் சொன்னால் தோணியை விட மாட்டோம் என்றான். அதை அவன் தனக்கே சொல்லிக்கொண்டான்.

இரண்டு பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கோ என்றேன். வெள்ளைத் துணி ஒன்றும், மீன்பிடிக்காரருக்குக் காட்ட. இதெல்லாம் சொல்லும்போது நான் போகச் சொல்வது போல இருந்தது. சாந்தியைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஈமெயில் பெட்டி திறந்து கொடுத்தேன். அவளுக்குப் பழக்கமில்லை. பாஸ்வேர்ட் மகனின் பெயர். சேர்ந்ததும் யாரிடமாவது கேட்டு இதைத் திறந்து எனக்கு ஒரு வரி. என் ஈமெயில் விலாசத்தையும் துண்டில் எழுதி மகனின் சட்டைக் கரையில் தைத்துக்கொண்டாள்.

வேறு யார் யார் போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்தால் அவர்களிடமும் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுத ஆசை.

ஒரு மணி பஸ்ஸில் அம்மாவோடு உயிலங்குளம். ஆமியின் தடை முகாமில் நீள வரிசை. அம்மாவின் பை: மருந்து, இரண்டு சேலை, அப்பாவுக்குப் புகையிலை, நிலாவுக்கென்று வாங்கிய சட்டை. அதைத் திரும்ப என்னிடம் தந்தா. “நீ எப்பவாச்சும் அனுப்பு.” அந்தக் கோட்டுக்கு அப்பால் போக எனக்கு அனுமதி இல்லை. மூன்றே முக்காலுக்கு அம்மாவின் முறை. பெண் சிப்பாய் பையைக் கொட்டிப் பார்த்தாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினா, அவசரப்படாமல். வயல் ஓரமாக நடந்து போனா. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன்.

சுமதிக்கு எழுதினேன்: அம்மா வரவில்லை. அப்பாவிடம் போய்விட்டா.

ஆனி 16, சனி

பின்வளவு அறை காலி. கயிற்றில் பிள்ளையின் சின்னத் துவாய், காயப்போட்டபடியே. எடுத்து மடித்து வைத்தேன்.

சுமதியின் பதில், ஒரே வரி: “அங்க ஏன் அனுப்புன?”

பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். மூன்று தரம்.

மை வாங்கியாயிற்று. காவல் புரோகிராமைப் பற்றி ஒரு தாளில் எழுதி அண்ணையின் மேசைக் கண்ணாடிக்குக் கீழ் வைத்தேன். அடுத்த அப்டேற் வந்தால் என்ன செய்வது, எந்தப் பெயரை வெட்டுவது, எப்போது ஓம் சொல்வது. அண்ணை வாசித்துவிட்டு, நீ எங்கேயாவது போகப் போகிறாயா பிள்ளை என்றார். இல்லை என்றேன்.

ஆனி 17, ஞாயிறு

புழுக்கம். இலை அசையவில்லை. விடியலில் இருந்து உயிலங்குளம் பக்கம் ஷெல் சத்தம், விட்டு விட்டு. தடை முகாம் பூட்டு என்று பஸ் ஸ்ராண்டில் சொன்னார்கள்.

ஞாயிறு கடை இல்லை. அண்ணை மாதா கோயிலுக்குப் போகும் வழியில் கடைத் திறப்பை (சாவி) என்னிடம் தந்துவிட்டுப் போனார். 

ஒன்பது மணி. பிரவுசர் முதல் அழுத்தலிலேயே திறந்தது. என் பெட்டியில் சாந்தியிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளுடைய பெட்டியைத் திறந்தேன், பாஸ்வேர்ட் நான் போட்டதுதானே. அந்தக் கொம்பனி எல்லாருக்கும் அனுப்பும் வரவேற்புக் கடிதம் மட்டும். தடித்த எழுத்தில், வாசிக்கப்படாமல்: அவள் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை.

பத்து. அதுவே.

பத்தே முக்கால். லைனைக் கழற்றி மாட்டினேன், தேவையில்லை என்று தெரிந்தே. பச்சைக் கோடு முழுக்க ஓடியது. அதுவே.

பதினொன்றரை. பக்கம் உடனே திறந்தது. வரவேற்புக் கடிதம். தடித்த எழுத்து.